ராசாவுக்கு மூன்று புள்ளி

கழகத் தளத்தின் கடவுச்சொல்
பழைய கட்டொன்றில் மிஞ்சிய
கலாவரை ஒன்பதின் முதுகில் இருக்கிறது,
ஏழு ஆண்டாய், என் மேசை லாச்சிக்குள்.

பகலில் நான் மாத்திரை எண்ணுகிறவள்,
ஐந்தைந்தாய், தட்டிலே தள்ளி.
பெம்பினா வீதி மருந்தகம் இரவு பத்துக்குப் பூட்டும்.
சப்பாத்துப் பனி கரையுமுன் கணினியைத் திறந்து
முன்னூற்றுநாலு ஆடுகிற முப்பத்தொரு பேரின்
வெள்ளிக்கிழமைகளை ஒழுங்குபடுத்துவேன்:
ஆரோடு ஆர் சோடி,
ஆர் இன்னும் சந்தா கட்டவில்லை,
இந்த முறை கட்லட் ஆர் வீட்டிலிருந்து.

இந்த ஆட்டத்தில் ராசாவுக்கு மூன்று புள்ளி,
சேவகனுக்கு முப்பது.
விதிகளைத் தட்டெழுதியதும் நான்தான்.
அப்போது சிரிப்பு வரவில்லை.

சம்பளம் இல்லை. முறைப்பாடு உண்டு.
வழுக்கை தெரிகிற படத்தை எடுக்கச் சொன்னார் மரியதாசன்.
எல்லாப் படத்திலும் தெரியுது அண்ணை, என்றேன்.
பிரிந்துபோன ஒரு தம்பதி
தனித்தனியாய் எழுதினார்கள்,
கோடைச் சுற்றுலாப் படத்தில் மற்றவரை வெட்டிவிடும்படி.
இரண்டு பேரையும் வெட்டினேன்.
இப்போது அதில்
ஒரு வாங்கும் பாதி வத்தகப்பழமும் இருக்கின்றன.

நாளொன்றுக்குப் பதினொரு தடவை திறக்கப்படுகிறதாம்.
அதில் எட்டு நான்.
பிழை கிடக்கிறதா என்று போய்ப் போய்ப் பார்ப்பது.

ஆண்டுக் கூட்டத்தில் மூன்று தரம் கேட்டாயிற்று,
வேறு ஆராவது பொறுப்பெடுங்கோ என்று.
உடனே சீட்டுக் கலைக்கிற சத்தம்.
"உங்களைப்போல ஆருக்கு வரும், தங்கச்சி?"
என்றார் தலைவர்.
அது பாராட்டில்லை.
துரும்பு போட்டு வெட்டியது.

போன தையில்
தேவாலய நிலவறையில் குழாய் வெடித்தது.
நாலு கிழமைக்குப் பள்ளிக்கூட மண்டபம்.
முகப்பில் மாற்றினேன், நாட்காட்டியில் மாற்றினேன்.
"புதிதாய் வருகிறவர்களுக்கு" என்று அடியில் ஒரு மூலை,
நானே எழுதி நானே மறந்தது.
அங்கே பழைய முகவரி அப்படியே.

கெங்காதரன் என்று ஒருவர் எழுதியிருந்தார்.
பிரண்டனில், பன்றி இறைச்சித் தொழிற்சாலையில் வேலை.
இரண்டரை மணித்தியாலம் ஓடி வந்தவராம்,
பக்கத்து இருக்கையில் ஒரு பெட்டி தொதலோடு.
"கதவு பூட்டிக் கிடந்தது. லைற்றும் இல்லை.
நான்தான் நாளைப் பிழையாய்ப் பார்த்திட்டன் போல.
மன்னிக்கவும்."

அன்றைக்குச் சுழியத்துக்குக் கீழே இருபத்தெட்டு.

மன்னிப்புக் கேட்டது அவர்.

குழாயைப் பற்றி எழுதினேன், அழித்தேன்.
தண்ணீர் முழங்காலளவு நின்றதை எழுதினேன்,
அதையும் அழித்தேன்.
பிழை என்னுடையது. இது என் கைபேசி இலக்கம்.
அவ்வளவுதான் அனுப்பினேன்.
பதில் இல்லை.

இலக்கத்தைப் பக்கத்திலும் போட்டுவிட்டேன்.
அதிலிருந்து இரவில் அழைப்புகள்.
ரம்மியும் ஆடுவீங்களோ என்று ஒருவர்.
வாடகைக்கு நிலவறை இருக்கோ என்று இன்னொருவர்.

பங்குனியில், குழாய் திருத்திய பிறகு,
சோடி வராமல் நான் குந்தியிருந்த ஒரு வெள்ளி,
சேறும் பனியும் ஒட்டிய சப்பாத்தோடு
ஒருவர் படியிறங்கி வந்தார்.
தொதல் இல்லை.
கையில் ஒன்றுமில்லாமல் இருநூற்றைம்பது கேட்டார்.
தோற்றோம். மரியதாசனுக்கு வாய் மூடவில்லை.
படம் எடுக்கப் போனபோது கையால் மறைத்தார்:
"வேண்டாம் அக்கா,
ஓவர்டைம் எண்டு சொல்லிப்போட்டு வந்தனான்."

வீட்டுக்கு வந்து அந்த மூலையைத் திறந்து
ஒரு வரி சேர்த்தேன்:
படி வழுக்கும், பார்த்து இறங்கவும்.
கதவு பூட்டியிருந்தால் பிழை எங்களுடையது.

பிறகு படுத்தேன்.
பிறகு எழும்பி
இன்னொரு தரம் திறந்து பார்த்தேன்.